வேலுச்சாமி லேத்தும் எங்க ஐலசாவும்

கனமா இருக்கறது எதுவானாலும் அதை நகத்தறதுதானுங்க எங்க தொழிலு. நகராம நிக்கறது அதுங்க தொழிலு. ரெண்டு பக்கமும் தொழில்ல சுத்தமா இருந்ததுனால, பொழுது சாஞ்சா முதுகு வலிச்சது எங்களுக்கு மட்டுந்தான். ஊட்டுல பீரோவ நகத்தி, கால் கட்டைவெரல நசுக்கிக்கிட்டு, அதுக்கும் ஊட்டம்மாகிட்டப் பேச்சு வாங்குன ஆளா நீங்க? அப்ப நீங்களும் எங்க கூட்டந்தான். கிட்ட வந்து உக்காருங்க.

தொண்ணூறுகள்ல நம்ம கோயமுத்தூரச் சுத்தி மில்லுக ஒவ்வொண்ணாப் பூட்டுப் போட்டுக்கிட்டு இருந்துச்சு. மில்லு மெசினுகள வாங்கி சந்துக்குச் சந்து பட்டறை போட்டாங்க. கிரேன் பெரிய ரோட்டோட நின்னுக்கும், சந்துக்குள்ள வராது. சந்துக்குள்ள நாங்க. எங்ககிட்ட இருந்த சாமானம் கடப்பாரை, நீளக் கட்டை ரெண்டு, கொஞ்சம் இரும்பு பைப்பு, ஒரு வடக்கயிறு. மெசின நெம்பிக் கட்டை மேல ஏத்தோணும், கட்டைக்கு அடியில பைப்ப உருளையாக் குடுக்கோணும், தள்ளோணும். பின்னால வெளிய வார பைப்ப எடுத்துட்டு ஓடி முன்னால வெக்கோணும். வித்தை அவ்வளவுதான்.

மேஸ்திரி கருப்பண்ணன் வாயத் தொறந்தா வெத்தலச் சாறு வரும், வார்த்த வராது. பொன்னான்னு ஒருத்தன், பாக்கறதுக்கு ரெண்டாளு, பந்தியில மூணாளு. இன்னும் நாலஞ்சு பேரு. பொறகு மணிங்கற நானு. பள்ளிக்கொடம் என்னய எட்டாவதுலயே தள்ளி உட்டுருச்சு, அவங்களும் நல்லாத்தான் தள்ளுனாங்க. நமக்கு வேல, பைப்பு வெக்கறதும் கூவறதும். நான் "ஐலசா"ன்னு இழுத்து முடிக்கற எடத்துல எல்லாரும் ஒண்ணாத் தள்ளோணும். ஆளுக்கொரு நேரத்துல தள்ளுனா மெசினுக்கு ஈ உக்காந்த மாதிரி. வெறும் ஐலசாவுக்குப் பசங்க கண்ணச் சொருகிருவாங்கன்னு நடுவுல யாரையாச்சும் வம்புக்கு இழுத்துப் பாடுவேன். எச்சா மாட்டறது மெசின் ஓனருதான்.

பொண்ணு பாக்க வந்தவரு

ஒரு நாளு காத்தால சைக்கிள்ல ஒருத்தரு வந்து எறங்குனாரு. வேலுச்சாமின்னு பேரு. மில்லுல ஃபிட்டரா இருந்தவரு, மில்லு மூடுனதும், இரும்பக் கடையற அந்த மில்லு லேத்தவே வாங்கிப்போட்டாரு. எப்புடின்னா, காரமடைப் பக்கம் தோட்டத்துல அவருக்கு இருந்த பங்கைப் பங்காளிக்கு எழுதிக் குடுத்துட்டு! கெணத்துத் தண்ணி பாஞ்ச நெலமுங்க. அதைக் கேட்ட நாள்ல இருந்து அவரு மாமனாரு மாப்ள ஊட்டு வாசப்படி மிதிக்கல. "நெலத்தக் குடுத்து இரும்பு வாங்குன கிறுக்கனுக்கா என்ற புள்ளயக் குடுத்தேன்"னு ஒரம்பரை சொந்தபந்தம் ஊடெல்லாம் போய்ச் சொல்லிட்டு இருந்தாராம்.

பம்புசெட்டுக் கம்பெனி ஒண்ணு, வார திங்கக்கெழம மெசின் ஓடிட்டு இருந்தா வேல குடுக்கறேன், இல்லாட்டி அடுத்த ஆளுன்னு சொல்லியிருந்துச்சு. லேத்து வார்ப்பு இரும்பு. பாக்கத்தான் யானை, சாஞ்சு விழுந்தா பீங்கான் தட்டு. அது ஒடஞ்சா நெலமும் போச்சு, வேலயும் போச்சு, மாமனாரு சொன்னதும் நெசமாப் போச்சு. அதனால மனுசன் எங்கள நம்பறதா வேண்டாமான்னு ரோசன பண்ணிட்டு நின்னாரு. மேஸ்திரி வெத்தலயத் துப்பிட்டு, "சனிக்கெழம ஏத்திரலாமுங்க"ன்னாரு. அதுக்கு அவரு நெம்ப மரியாதையாச் சொன்னாரு: "தப்பா நெனைக்காதீங்க. அதுக்குள்ள நீங்க வேல செய்யறத ரெண்டு எடத்துல பாத்துக்கறனுங்க. பொண்ணு பாக்காம யாருங்க தாலி கட்டறாங்க?"

பறந்த பம்பு

அன்னிக்கே ஒரு வேல இருந்துச்சு. டவுனுக்குள்ள பழைய சந்துல மரவேலப் பட்டறை வெச்சிருந்த பாய் ஒருத்தரு, பெரிய உருப்படி ஒண்ண முன்வாசல்ல இருந்து பின்கட்டுக்கு நகத்தோணும்னாரு. போய்ப் பாத்தா, ஆள் ஒசரத்துக்கு ஒரு பம்பு ஒடம்பு. செவப்புப் பெயிண்டு அடிச்சு பளபளன்னு நிக்குது. எங்க பசங்க எச்சிலத் தொட்டு உள்ளங்கையில தேச்சுக்கிட்டானுங்க. அடியில பைப்பக் குடுத்தோம். அதென்னமோ கடப்பாரை பட்டதுமே மேல வந்துருச்சு. பொன்னான் "இன்னிக்கு என்ற கை நல்லாருக்குது"ன்னு அவனே அவனை மெச்சிக்கிட்டான்.

நான் கூவுனேன். எல்லாருஞ் சேந்து, இரும்புக்குக் குடுக்கற தள்ளு மொத்தமும் குடுத்துப்போட்டோம். ஏனுங்க, அது போச்சுங்க பாருங்க! பைப்பு ஒரு பக்கம், கட்டை ஒரு பக்கம், பம்பு வாசலத் தாண்டி, பின்கட்டத் தாண்டி, சுவத்தோரமா அசை போட்டுட்டு இருந்த எருமகிட்டப் போய்த்தான் நின்னுச்சு. எரும எந்திரிச்சு எங்களப் பாத்த பார்வைய இன்னும் மறக்கல. தள்ளுன ஆளுக எல்லாம் தள்ளறதுக்கு எதுத்தாப்புல ஒண்ணுமில்லாம ஒருத்தன் மேல ஒருத்தன் குப்புற விழுந்து கெடந்தோம். அது இரும்பு இல்லீங்க, மரம். ஃபவுண்டரியில மண்ணுல பதிச்சு அச்செடுக்கறதுக்கு மரத்துலயே பம்பு மாதிரி செஞ்சு பெயிண்டு அடிச்சிருக்கறாரு. அதே ஆளு, அதே தள்ளு. கனம் இல்லேன்னா போற வேகமே வேற.

வேலுச்சாமி சைக்கிள் கேரியர்ல உக்காந்து இத்தனையும் பாத்துட்டு இருந்தாரு. மேஸ்திரி எந்திரிச்சு, "மரம்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதுங்களா பாய்?"னு கோவமாக் கேட்டாரு. பாய் மூக்குக்கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டே சொன்னாரு: "மரம்னு நான் சொல்லல, வாஸ்தவம். இரும்புன்னும் நான் சொல்லலியே தம்பி!"

அண்ணன் ஒரு பக்கம் தம்பி ஒரு பக்கம்

அடுத்த வேல காரமடையில. அண்ணன் தம்பி ரெண்டு பேரு பாகம் பிரிச்சதுல, பழைய ஆயில் எஞ்சினு தம்பி பங்குக்கு வந்துருச்சு. அண்ணன் மோட்டார்க் கொட்டாயில இருந்து தம்பி மோட்டார்க் கொட்டாய்க்குக் கொண்டுபோகோணும். தூரம் ஒண்ணும் பெருசில்ல, ஒரு வாய்க்கா தாண்டறது. வேலுச்சாமிக்கு அது சொந்த ஊருப் பக்கங்கறதுனால தூக்குப்போசியில சோத்தையும் கட்டிக்கிட்டு முன்னாலயே வந்து வரப்புல உக்காந்துட்டாரு.

அண்ணனும் தம்பியும் பேசிக்கறது இல்ல. ஆனா ரெண்டு பேரும் நெம்ப மரியாதக்காரங்க. "நீங்க மட்டும் கஷ்டப்படறீங்களே, நாங்களும் ஒரு கை புடிக்கறமுங்க"ன்னு துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு வந்துட்டாங்க. நான் கூவறேன், பசங்க தள்றாங்க, எஞ்சின் அசையல. மறுக்கா கூவறேன், அசையல. பொன்னானுக்குக் கழுத்து நரம்பு கயிறாட்டம் பொடைச்சு நிக்குது. அடியில கல்லு மாட்டிருக்குமோன்னு மேஸ்திரி குனிஞ்சு பாக்கறாரு, கல்லு இல்ல. பைப்பு சரியா இருக்குது. எனக்குக் கூவிக் கூவித் தொண்டை கட்டிருச்சு.

பொறகு சித்த நகந்து அக்கட்டால போய்ப் பாத்தனுங்க. அங்க அண்ணன், எஞ்சினுக்கு முன்னால நின்னுக்கிட்டு, கண்ண இறுக்கி மூடி, பல்லக் கடிச்சு, எங்களுக்கு எதுத்தாப்புல தள்ளிட்டு இருக்கறாரு! நல்லா முழு மனசோட. ஆளும் வாட்டசாட்டம். அவருக்குப் பொறத்தால அவரு மகனுக வேற சேந்து நிக்கறாங்க. நாங்க குடுக்கறதை அவங்க குடுக்கறது தின்னுபோடுது. நடுவுல எஞ்சினு ராசா மாதிரி சும்மா நிக்குது. "ஏனுங்க, இந்தப் பக்கம் வந்து தள்ளக் கூடாதுங்களா?"ன்னு கேட்டேன். அண்ணன் கண்ணத் தொறந்து, மூச்சு வாங்கிட்டே சொன்னாரு: "தம்பி அந்தப் பக்கம் தள்றானுங்களே. அவன் எந்தப் பக்கம் தள்றானோ அதுக்கு எதுத்த பக்கம் தள்ளித்தானுங்க எனக்குப் பழக்கம்."

டீச்சரம்மா சாக்கட்டி

இந்த ரெண்டையும் பாத்துப்போட்டு வேலுச்சாமி நேரா மேஸ்திரிகிட்ட வந்தாரு. ஒரு எடத்துல நிறுத்த முடியாமப் போகுது, இன்னொரு எடத்துல நகரவே மாட்டீங்குது. "நடுத்தரமா ஒரு வேல செய்ய மாட்டீங்களா?"ன்னு மேஸ்திரியக் கேட்டாரு. மேஸ்திரி வெத்தலய இந்தக் கன்னத்துல இருந்து அந்தக் கன்னத்துக்கு மாத்திக்கிட்டு, கடப்பாரையத் தோள்ல போட்டுட்டு அடுத்த வேலைக்கு நடந்தாரு.

மூணாவது வேல அவிநாசியில ஒரு டீச்சரம்மா ஊட்டுல. பெரியவங்க காலத்து இரும்புப் பொட்டி, மச்சு ரூமுல இருந்து கூடத்துக்கு வரோணும். டீச்சரம்மா ஹைஸ்கூல்ல சயின்ஸு எடுக்கறவங்க. நாங்க தள்ளத் தள்ள அவங்க பாத்துட்டே நின்னாங்க. பொட்டி அரையடி நகந்து நின்னதும் சாக்கட்டிய எடுத்துட்டு வந்துட்டாங்க. பொட்டி மேலயே எழுதுனாங்க. "மூணே சமாச்சாரமுங்க. எத்தன விசை குடுக்கறீங்க, சாமான் எத்தன நிறை, அது எத்தன முடுக்கம் எடுக்குது. நிறையவும் முடுக்கத்தையும் பெருக்குனா விசை. அதே தள்ளுக்கு, சாமான் ரெண்டு மடங்கு கனமா இருந்தா வேகம் ஏறறது பாதியாப் போயிரும். பாதிக் கனமா இருந்தா ரெண்டு மடங்கா ஏறும்."

பம்பு பறந்ததும் அதுதான்னு எனக்கு அப்பத்தான் வெளங்குச்சு. அண்ணன் தம்பி எஞ்சினையும் சொன்னேன். டீச்சரம்மா சிரிச்சுக்கிட்டே, "எதிர்விசையக் கழிச்சுப்போட்டு மிச்சம் இருக்கறதுதான் கணக்கு. அங்க மிச்சமே இல்ல, அதனால முடுக்கமும் இல்ல. இங்க தரையும் கொஞ்சம் புடிச்சு இழுக்குது"ன்னாங்க. வேலுச்சாமி சைக்கிளச் சாத்திட்டு உள்ளயே வந்துட்டாரு. "அப்ப நகந்தத நிறுத்தறதுக்குங்க, டீச்சர்?"னு கேட்டாரு. "அதுவும் அதே கணக்குத்தானுங்க. வேகம் ஏறறதுக்கு விசை வேணும்னா, எறங்கறதுக்கும் விசை வேணும். சாமான் கனமா இருந்தா எச்சா வேணும், இல்லாட்டி ரொம்ப நேரம் புடிக்கோணும்." மனுசன் அதைக் கேட்டுட்டுச் சாமி கும்புடற மாதிரி தலைய ஆட்டுனாரு.

பொன்னான் மட்டும் வேர்வையத் தொடச்சுக்கிட்டு, பொட்டி மேல சாக்கட்டியில எழுதுனதையே பாத்துட்டு இருந்தான். "டீச்சர், இதெல்லாம் தெரிஞ்சா பொட்டி கனம் கொறையுமுங்களா?"ன்னான். டீச்சரம்மா பொய் சொல்ல மனசில்லாம சொன்னாங்க: "கொறையாது கண்ணு. ஏன் நகர மாட்டீங்குதுன்னு மட்டும் நல்லாத் தெரியும்."

கட்டாம உட்ட சாமான்

சனிக்கெழம வந்துருச்சு. வேற ஆளு தேட நேரமில்லாம வேலுச்சாமி எங்களையே கூட்டிட்டுப் போனாரு. மில்லுக்குள்ள லேத்தக் காட்டுனாரு. நீளமா, எண்ண பூசி, ஒரு பக்கம் தலை கனமா நிக்குது. அந்தத் தலைப்பக்கத்தைத் தடவிக் குடுத்தாரு, வாங்குன மாட்டைத் தடவற மாதிரியே. நான் சும்மா இருப்பனா? தள்றப்பக் கூவுனேன்: "தோட்டம் போச்சு, ஐலசா! லேத்து வந்துச்சு, ஐலசா! மாமனாரு எங்க, ஐலசா!" பசங்களுக்குச் சிரிப்புல நல்லா பலம் வந்து, லேத்தும் சரசரன்னு லாரிக்கு வந்துருச்சு. வேலுச்சாமி மட்டும் சிரிக்கல. அவரு பக்கத்துல நின்ன மேஸ்திரி என்ற பொடனியில ஒண்ணு வெச்சாரு. அந்த மாமனாரு பாட்டை அன்னிக்கு மறுக்கா பாடல.

லேத்த லாரியில ஏத்தி, கயித்தப் போட்டு நாலாபக்கமும் இறுக்கிக் கட்டுனோம். வேலுச்சாமி முன்னால டிரைவர்கூட உக்கார மாட்டேன்னுட்டாரு. "மெசின் நகந்துருச்சுன்னா?"ன்னு கேட்டுட்டு மேல ஏறி, லேத்தோட ரெண்டு பக்கமும் கைய உட்டுக் கட்டிப்புடிச்சுக்கிட்டாரு. இந்தத் தண்டி இரும்பு கெளம்புனா இந்த மனுசன் கட்டிப்புடிச்சா நிக்கும்? சொன்னாக் கேக்கல. சிங்காநல்லூர் கொளத்துக்கிட்ட வாரப்ப வெள்ளாடு ஒண்ணு குறுக்க பாஞ்சுது. டிரைவர் பிரேக்க மிதிச்சாரு. லாரி நின்னுச்சு. கட்டுன லேத்தும் லாரியோட நின்னுச்சு. வேலுச்சாமி கெளம்பிட்டாரு. அவரு அதே வேகத்துல முன்னால போய், டிரைவர் தலைக்கு மேல இருக்கற தகரத்துல டமார்னு மோதி, அங்கயே உக்காந்துட்டாரு. நெத்தி பொடைச்சிருச்சு; எறங்கி வந்து மொதல்ல லேத்தத்தான் தொட்டுப் பாத்தாரு.

டிரைவரு தகரத்துல உழுந்த சொட்டையத் தடவிக்கிட்டே எங்களப் பாத்துக் கேட்டாரு: "ஏனப்பா, மெசினை நல்லாக் கட்டுனீங்க, சரி. ஓனரை எதுக்குக் கட்டாம உட்டீங்க?"

எறக்கத்துல வந்த ஒரம்பரை

வேலுச்சாமி புதுசாப் போட்ட பட்டறை ரோட்டை விடத் தாழ இருந்துச்சு. ரோட்டுல இருந்து வாசல் வரைக்கும் மண்ணு எறக்கம். பட்டறைய ஒட்டியே ஊடு. ஏத்தத்துல தள்றதுக்கு என்னயக் கூப்புடலாம், எறக்கத்துல ஐலசாவுக்கு வேலயே இல்லீங்க. அங்க தள்ளக் கூடாது, புடிக்கோணும். லாரியில இருந்து ரோட்டுல எறக்குன லேத்தோட பின்பக்கம் வடக்கயித்தக் கட்டி, மேல நின்ன வேப்பமரத்துல ஒரு சுத்துச் சுத்தி, மரத்துக்குப் பொறத்தால ஒருத்தரு நுனியப் புடிச்சுக்கிட்டு, கொஞ்சங் கொஞ்சமா உடோணும். மரம் பாதிப் பாரத்தைத் தாங்கிக்கும், மிச்சத்தைக் கை தாங்கோணும். முன்னால நான் பைப்பு வெக்கறேன். ரெண்டு பக்கமும் பசங்க கடப்பாரையோட, சாயாமப் பாத்துக்கறாங்க. கயித்த எப்பவும் பொன்னான்தான் புடிப்பான். அன்னிக்கு வேலுச்சாமி, "என்ற மெசினுங்க, நாந்தான் புடிப்பேன்"னு ஒத்தக் காலுல நின்னாரு. மேஸ்திரி நம்பிக் குடுத்துட்டாரு. நெசமாவே அவரு நல்லாத்தான் உட்டாருங்க, தூங்கற கொழந்தையத் தொட்டில்ல எறக்கற மாதிரி.

பாதி எறக்கம் வந்தாச்சு. அப்ப ரோட்டுல டவுன் பஸ்ஸு நின்னுச்சு. வெள்ள வேட்டி, வெள்ளச் சட்ட, கையில கொடை, ஒரு சுமை லாரி அகலத்துக்கு ஒரு பெரியவரு எறங்கி நேரா எங்களப் பாத்து வாராரு. வேலுச்சாமியோட மாமனாரு! லேத்து விழறதப் பாக்க வந்தாரா, நிக்கறதப் பாக்க வந்தாரா, அது அவருக்கும் அந்த மாரியாத்தாளுக்குந்தான் தெரியும். நம்ம பக்கத்துப் பழக்கம் உங்களுக்குத் தெரியாததா? ஊட்டுக்கு வந்த ஒரம்பரைய "வாங்க"ன்னு சொல்லலீன்னா, பேரன் பேத்தி எடுத்தாலும் அதைச் சொல்லிக் காட்டுவாங்க. அதுலயும் வராம இருந்த மாமனாரு. வேலுச்சாமி அவரப் பாத்தாரு, மூஞ்சி மலந்துருச்சு, ரெண்டு கையையும் எடுத்துக் கும்புட்டு, "வாங்க மாமா!"ன்னாரு.

ரெண்டு கையையும் எடுத்துட்டாருங்க!

லேத்து உடனே ஓடலீங்க. அதுதான் கனமான சாமானுக்கு இருக்கற கெட்ட கொணம். மொதல்ல ஒண்ணுமே நடக்காத மாதிரி ஊர்ந்துச்சு. எல்லாரும் என்னமோ நெனப்புல நின்னோம். பொறகு கொஞ்சம். பொறகு இன்னுங் கொஞ்சம். பைப்பு கடகடன்னு சத்தம் மாறுனப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது, அது என்ற கூவலுக்கெல்லாம் காத்திருக்கப் போறதில்லன்னு. நான் பைப்பப் போட்டுட்டுச் சாக்கடையில குதிச்சேன். ஒரு பையன் முன்னால கல்லப் போட ஓடுனான். மேஸ்திரி வாயில இருந்த வெத்தல மொத்தமும் தெறிக்க, "கல்லப் போடாதடா! மொட்டுன்னு நின்னா தலைகுப்புறச் சாஞ்சிரும்!"னு கத்துனாரு. அவரு அத்தன வார்த்த ஒண்ணாப் பேசுனத அன்னிக்குத்தான் கேட்டேன். கயிறு மரத்துல சர்ருனு பாம்பாட்டம் ஓடுது. வேலுச்சாமி கும்புட்ட கையோட செலையா நிக்கறாரு.

மாமனாரு கொடையக் கீழ போட்டாரு. ஓடற கயித்து நுனிய எட்டிப் புடிச்சாரு. காலமெல்லாம் மாட்டுக் கயித்தப் புடிச்ச கை, கேக்காமயே போயிருச்சு. கயிறு அவரையும் இழுத்துட்டு மரத்துக்கு வந்துச்சு. மனுசன் அப்புடியே தொப்புனு மண்ணுல உக்காந்து, ரெண்டு காலையும் வேப்பமரத்துல முட்டுக் குடுத்து, பின்னால சாஞ்சுட்டாரு. அத்தன பெரிய ஒடம்பும் கயித்துல! அவரு கையில கயிறு இன்னும் ஓடுது, ஆனா மெதுவாகுது. கடகட சத்தம் கொறையுது. பொன்னான் போய் அவருக்குப் பின்னால உழுந்தான், வேலுச்சாமி அவனுக்குப் பின்னால உழுந்தாரு. லேத்து பட்டறை வாசல்கிட்ட வந்து, போலாமா வேண்டாமான்னு தலைய ஒரு ஆட்டு ஆட்டிப்போட்டு, நின்னுச்சு. ஒரு கீறல் இல்ல.

எல்லாரும் மூச்சு உட்டோம். "உட்றாதீங்க! கட்டை வெக்கற வரைக்கும் கயித்த உட்றாதீங்க!"ன்னு மேஸ்திரி கீழ இருந்து கத்தறாரு. வெள்ள வேட்டி செம்மண்ணாப் போயி, உள்ளங்கைத் தோலு உரிஞ்சு, மாமனாரு லேத்தப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறாரு. ஊட்டுக்குள்ள இருந்து அவரு மக சொம்புத் தண்ணியோட ஓடி வந்து, அப்பனப் பாத்துட்டு, "வாங்கப்பா"ங்குது. வேலுச்சாமி அவருக்குப் பக்கத்துல வந்து முட்டிபோட்டு, "மாமா, கை… எரியுதுங்களா மாமா?"ன்னு அழுவற மாதிரி கேக்கறாரு. பெரியவரு லேத்தப் பாத்தாரு. மகளப் பாத்தாரு. தண்ணிச் சொம்பப் பாத்தாரு, வாங்கறதுக்குக் கை இல்ல. பொறகு மாப்ளயப் பாத்து, கயித்த உடாமயே சொன்னாரு: "வந்தனுங்க மாப்ள. இனிமேலு நான் வாரப்பெல்லாம் ஒத்தக் கையில கும்புடுங்க, போதும்."

லேத்த உள்ள கொண்டுபோய் நிறுத்தறதுக்குக் கூட எங்களுக்கு அத்தன செரமம் இல்லீங்க. மாமனார மண்ணுல இருந்து எழுப்பி நிறுத்தறதுக்குத்தான் எல்லாருஞ் சேந்து புடிக்க வேண்டியதாப் போச்சு, அதுக்கும் நாந்தான் ஐலசா கூவுனேன்.